கஸ்பர் பிடுங்கிய வேலி

கஸ்பர் ஞாயிறு பூசைக்கும் போவார், மேதின ஊர்வலத்துக்கும் போவார். நிலம் எல்லாருக்கும் பொது என்று யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாய்க் கத்திய மனிதர், கடல் கடந்து லூயிஷாமுக்கு வந்து தலை நரைத்தும் அடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பனிமூட்டம். நகரக் கவுன்சில் பயிர்செய்ய ஆளுக்கொன்றாய்க் கொடுத்த தோட்டத்துண்டுகள் எல்லாம் தரையில் பட்டும் படாமலும் மிதந்தன. பக்கத்துத் துண்டில் லாம், வியட்நாம்காரர், எழுபத்தைந்து தாண்டியவர், பூசணிக்கொடியோடு ஏதோ முணுமுணுத்தபடி நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பத்து வருடச் சிநேகிதம். பார்க்கப் பார்க்கக் கஸ்பருக்கு மனம் பொங்கிவிட்டது. யாரையும் கேட்காமல், நடுவிலிருந்த கம்பிவேலியைக் கட்டைகளோடு பிடுங்கிச் சுருட்டினார்.

"இனி எல்லாம் பொது, தோழர்!" என்றார் ஆங்கிலத்தில். லாம் சிரித்துத் தலையாட்டினார்.

மறுநாள் பூசை முடிந்து மனைவி டொலறஸோடு வந்தால், லாமின் துண்டு மொட்டையாய்க் கிடக்கிறது. பிஞ்சுப் பூசணி, முற்றாத வெங்காயம் எல்லாம் சாக்குக்குள்.

லாம் தோட்டத்துச் சாவியை நீட்டினார். "நான் சிறுவனாக இருந்தபோது கட்சிக்காரர்கள் வந்து வரப்புகளை வெட்டினார்கள். எல்லாம் கூட்டுப்பண்ணை என்றார்கள். அதற்கு முதல்நாள், பண்ணைக்குப் போகவிடாமல், அம்மா பிஞ்சையெல்லாம் பிடுங்கினாள். எங்கள் எருமையும் பண்ணைக்குப் போனது. மாலையானால் எங்கள் வாசலில் வந்து நிற்கும். உள்ளே விட எங்களுக்கு உரிமையில்லை. இனி நான் வரமாட்டேன்."

அன்றும் விலகாத பனிக்குள் அந்த எருமை நின்று தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது கஸ்பருக்கு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்கட பொதுவுடைமையைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ," என்றாள் டொலறஸ். "முதல்லை அந்த மனிசன்ரை வேலியைக் கட்டுங்கோ."

கஸ்பர் சாவியை வாங்கவில்லை. கட்டைகளைத் தூக்கிவந்து, முதலாவதைப் பழைய குழியிலேயே நட்டு அடித்தார். லாம் கிட்ட வந்து, கட்டையை ஆட்டிப் பிடுங்கி, கஸ்பரின் பக்கமாய் ஒரு சாண் தள்ளி ஊன்றினார்.

யாழ்ப்பாணத்தில் இப்படி வேலியை அரக்கினால் கோடு கச்சேரி ஏறி வழக்காடாமல் விடமாட்டார்கள். டொலறஸ் வாயைத் திறந்தாள்.

"சும்மா இரும்," என்றார் கஸ்பர். அவர் கண் கலங்கியிருந்தது. "மனிசன் திரும்பவும் பயிர் வைக்கப் போறார்."