இழுப்பு

ஆமிர் இருமத் தொடங்கியபோது நான் நம்பவில்லை. வேலைக்கு மட்டம் போட இருமுகிறவர்களை நிறையப் பார்த்தவன் நான். மருமகன் என்றால் மட்டும் இருமல் நிஜமாகிவிடுமா என்று கண்டும் காணாமலும் இருந்தேன்.

மேலப்பாளையத்தில் எங்கள் பட்டறை. முன்பெல்லாம் நிலை, கதவு, ஜன்னல் என்று தேக்கும் வேம்பும் அறுத்தோம். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் அலமாரி கேட்கிறார்கள், அதுவும் எம்.டி.எஃப். பலகையில். மரத்தை அரைத்துப் பசையில் குழைத்து அழுத்திய பலகை அது. தேக்கை அறுத்தால் தூள் காலடியில் விழும், கூட்டி அள்ளிவிடலாம். இதை அறுத்தால் மாவு பறக்கும். கண் இமையில் ஒட்டும், டீயில் மிதக்கும். மூக்கைச் சிந்தினால் பழுப்பாக வரும்.

ஒருநாள் பலகையைத் தூக்கிய ஆமிர் பாதியில் இறக்கிவைத்துவிட்டுக் குந்திக்கொண்டான். மூச்சு உள்ளே போகும்போது விசில் அடித்தது. உதடு நீலமாக இருந்தது. நடிக்கிறவன் இருமலாம், உதட்டை நீலமாக்க முடியாது. அன்றைக்குத்தான் நம்பினேன்.

பாளையங்கோட்டையில் நெஞ்சு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தூசியை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இவர் தொழிலை நிறுத்த வேண்டும் என்றார். தூசியை இழுக்க மிஷின் இருக்கிறது என்றும் சொன்னார்.

வெளியே வந்து மகளிடம் கேட்டேன். "மிஷின் விக்கவன் இவருக்குச் சொந்தக்காரனா இருப்பானோ?"

மர்வா நின்றுவிட்டாள். "வாப்பா, ஒங்க சந்தேகத்தைக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க. அவுக மூச்சு விடணும். அதுக்கு வழியப் பாருங்க."

வேறு வழியும் இல்லை. சவுதியில் தச்சு வேலை பார்த்துவிட்டு வந்தவன் அவன். இந்த நெஞ்சோடு மறுபடி போனால் மெடிக்கல் டெஸ்டிலேயே தள்ளிவிடுவார்கள். மரத்தைத் தவிர வேறு எதுவும் அவன் கைக்குத் தெரியாது. பட்டறையில் தூசி அடங்கினால் அவனுக்குப் பிழைப்பு உண்டு. அடங்காவிட்டால் இல்லை.

வண்ணார்பேட்டையில் கிங்ஸ்லி என்பவர் மரவேலை மிஷின் விற்கிறார். அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்பச் சிரித்தார்.

"வாங்க அண்ணாச்சி, டீ சொல்லட்டா?"

"டீயைக் குடிச்சா மிஷினை வாங்கியாகணும்பீரு. மொதல்ல மிஷினைக் காட்டும்."

இரண்டு காட்டினார். ஒன்று, கீழே மோட்டாரும் மேலே தலையணை உறை மாதிரி ஊதிய பெரிய துணிப் பையுமாக இருந்தது. இன்னொன்றில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரக் கூம்பு. கூம்புக்கு அடியில் தூள் விழுவதற்கு டிரம் வைக்க வேண்டும். மிச்சக் காற்று மடிப்பு மடிப்பான ஒரு வடிகட்டி வழியாக வெளியே வரும்.

"ரெண்டுலயும் இழுப்பு நல்லா இருக்கும் அண்ணாச்சி."

"இழுப்பு எங்க வீட்லயே இருக்கு வே. இந்தா நிக்கான்லா, மருமவன், இவனுக்கு. அதைக் குறைக்கத்தான் வந்திருக்கேன்."

ஆமிர் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி, அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கிங்ஸ்லியின் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்பம் இந்தப் பை மிஷின் ஒங்களுக்கு வேண்டாம்," என்றார். "இது தூளைப் பிடிக்கும். மாவைத் துணி வழியாத் திருப்பி விட்டுரும். தர சுத்தமா இருக்கும், காத்து அழுக்காத்தான் இருக்கும். கூம்பை எடுங்க."

"வெல கூடுனதைத் தலையில கட்டப் பாக்கீரு."

"ஓட்டிக் காட்டுதேன். ஒங்க கண்ணை நம்புவியல்லா?"

நான் சும்மா போகவில்லை. பட்டறையிலிருந்து ஒரு சாக்கு நிறைய எங்கள் மாவைக் கொண்டுபோயிருந்தேன். அவர் கடைத் தூளில் என்ன கள்ளம் இருக்குமோ, யார் கண்டது? சாக்கைக் கொட்டினேன். கிங்ஸ்லி ஷட்டரைப் பாதி இறக்கினார். வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. முதலில் பை மிஷின். தரையை நக்கி எடுத்தது. நான் தலையாட்டப் போனேன், அப்போது ஆமிர் துண்டால் மூக்கைப் பொத்தினான். பையைச் சுற்றி, அந்த வெயில் பட்டையில், பழுப்பாக என்னமோ கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்து கூம்பு. வெயிலில் ஒன்றும் இல்லை. மிஷினுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"மறுபடி போடும்."

போட்டார். கடை வாசலில் நின்று பார்த்தேன், மோட்டாருக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

"இன்னும் ஒருக்க."

"அண்ணாச்சி, இன்னுங் கொஞ்சம் ஓட்டுனா பழைய மிஷினுன்னு சொல்லி வெலையைக் குறைப்பிய போலிருக்கு," என்றார் கிங்ஸ்லி. கூம்பையே எடுத்தோம்.

வண்டியில் ஏற்றும்போது இரண்டு விஷயம் சொன்னார். "பட்டறைக்கு வெளிய, சொவருக்கு அந்தப் பக்கம் வைங்க. குழாயை மட்டும் உள்ள விட்டாப் போதும். அடுத்தது, நெருப்பு கிட்ட வரப்படாது. பீடி, வெல்டிங் பொறி, எதுவும். உள்ள கெடக்கது மரமாவு. ஒரு பொறி போனாலும் வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே கனிஞ்சுகிட்டு இருக்கும்."

முதலாவதை நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையே கழற்றிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். இதை வெளியே வைத்தால் விடிவதற்குள் கூம்பு பழைய இரும்புக் கடையில் இருக்கும். உள்ளேயே, பலகை அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தோம். அடியில் தண்ணீர் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் டிரம்.

இரண்டாவதை எழுத்து பிசகாமல் கேட்டேன். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர் எங்கள் ஊர். என் மனைவி மும்தாஜும் சுற்றுகிறாள். பட்டறையில் கூலிக்கு நிற்கும் சுடலையாண்டி வாயில் பீடி இல்லாமல் நான் பார்த்ததில்லை. வாயில் இல்லாவிட்டால் காதில் இருக்கும்.

"ஏலே சுடல, அந்தப் பீடியோட உள்ள வராத."

"பத்த வைக்கல்லியே மொதலாளி."

"பத்த வைக்காத பீடி காதுல எதுக்குலே? கம்மலா?"

"ஊரே பீடி சுத்துது. என் காதுதான் ஒங்களுக்குக் கண்ணுல குத்துது."

பேசிக்கொண்டே தீப்பெட்டியை என் கையில் கொடுத்தான். அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை, காலையிலேயே மிஷினை ஓட்டிப் பார்ப்பது என்று வைத்திருந்தோம். மும்தாஜ் சாம்பிராணிச் சட்டியோடு வந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் புதுச் சாமானும், பைக்கானாலும் ஃபிரிட்ஜானாலும், அவள் சாம்பிராணி காட்டாமல் ஓடியதில்லை. நான் வாசலில் நின்றேன். வெளியில் இருந்து எவனாவது பீடியோடு வேடிக்கை பார்க்க வந்துவிடக் கூடாதே என்று.

"ஏங்க, இங்க வந்து பாருங்க!"

எட்டிப் பார்த்தேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சட்டியில் இருந்து கிளம்பிய புகை மேலே போகாமல், கயிறு திரித்த மாதிரி நேரே குழாய் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"படைச்சவன் பரக்கத்தை அப்படியே குடிக்குது பாருங்க," என்று சொல்லி அவள் சட்டியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். காற்று இழுத்ததில் சிரட்டைக் கங்கு சிவந்து சிவந்து மின்னிற்று. சுடலை கை தட்டினான்.

"மாமி, போதும். அதுக்கு மூச்சு முட்டப் போவுது," என்றான் ஆமிர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு ஆமிர் ஒரு பலகையை அறுத்தான். முகத்தில் துணி கட்டாமல் அறுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றும் பறக்கவில்லை. அடுத்த பலகையையும் அறுத்தான். ரம்பத்தை நிறுத்திவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டான். விசில் இல்லை.

"மாமா, பாத்தியளா?" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் குரல் முழுசாக வந்தது.

ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மிஷினை அணைத்து, ஷட்டரை இறக்கிப் பூட்டினோம். உள்ளே சாம்பிராணி வாசனை இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

ஜும்மா முடிந்து பள்ளிவாசலைவிட்டு வெளியே வந்தபோது சுடலை ஓடிவந்தான். "மொதலாளி, பட்டறையில இருந்து புகை வருது!"

"அது சாம்பிராணிலே," என்றேன்.

"சாம்பிராணி இவ்வளவு கருப்பாவா வரும்?"

ஆமிர் செருப்பைக் கூட மாட்டாமல் ஓடினான். நான் போய்ச் சேர்வதற்குள் அவன் ஷட்டரைத் தூக்கிவிட்டான். அதுவரை உள்ளே புகைதான் இருந்தது. காற்று கிடைத்ததும் பலகை அடுக்கு மொத்தமாகப் பற்றிக்கொண்டது. "மாப்ளை, போகாத" என்று கத்தினேன். அவன் "மிஷின், மாமா" என்று சொன்னது கேட்டது. உள்ளே போய்விட்டான்.

சுடலை ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு போய், ரம்ப மேசைக்குக் கீழே கிடந்தவனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தான். ஆமிரின் வாயிலிருந்து கருப்பாக வழிந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. அணைக்க அங்கே சுவர்தான் மிச்சம் இருந்தது.

நான் சுடலையின் சட்டையைப் பிடித்தேன். "பீடி குடிச்சியாலே? உண்மையைச் சொல்லு!"

அவன் கை வெந்து தோல் உரிந்திருந்தது. என்னைத் தள்ளவில்லை. "தீப்பெட்டி ஒங்க பையிலதான இருக்கு மொதலாளி," என்றான்.

பையில் கையை விட்டேன். இருந்தது.

ஆமிர் சாகவில்லை. ஏற்கெனவே கெட்ட நெஞ்சில் இந்தப் புகையும் ஏறிவிட்டது, இனி மரத்தூசி பக்கம் போகவே கூடாது, மாடிப்படியும் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பினார்கள். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. மூக்கில் குழாய். மர்வா தன் மாமியாரிடம் போனில் பேசும்போதெல்லாம், அவனுக்குக் கேட்காதபடி அடுப்படிக்குள் போய்ப் பேசுகிறாள்.

ஒருநாள் கிங்ஸ்லி பழப் பையோடு வந்தார். மிஷின் மேல் குற்றம் இல்லை என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. ஆமிரைப் பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார்.

"அன்னைக்குக் காலையில என்னென்ன செஞ்சிய அண்ணாச்சி? வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். தீப்பெட்டியை வாங்கி வைத்ததைப் பெருமையாகவே சொன்னேன். சாம்பிராணியைச் சொன்னபோது கையை உயர்த்தினார்.

"சட்டியில கங்கு இருந்துச்சா?"

"கங்கு இல்லாம சாம்பிராணி எப்படிவே புகையும்?"

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பொறி ஒன்று குழாய் வழியாக டிரம்முக்குள் போயிருக்கிறது. அதன் மேல்தான் ஆமிர் இரண்டு பலகையின் மாவைக் கொட்டியிருக்கிறான்.

கிங்ஸ்லி வாசல் படியில் உட்கார்ந்தார். "பீடின்னு சொன்னேன், வெல்டிங்குன்னு சொன்னேன். இது எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி."

"சொல்லியிருந்தாலும் நான் அதை நெருப்புன்னு நெனைச்சிருக்க மாட்டேன்வே."

உள்ளே மும்தாஜ் அவருக்காக டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அவகிட்ட கரண்ட் கசிவுன்னு சொல்லும்."

என்னைப் பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டார். "கரண்ட் கசிவுதாம்மா," என்றார். "யாரு என்ன செய்ய முடியும்?" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நம்பினாள்.

நேற்று வியாழக்கிழமை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு மும்தாஜ் சாம்பிராணிச் சட்டியோடு ஆமிர் படுத்திருக்கும் அறைக்குள் நுழைந்தாள். ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய்ச் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"அவனுக்குப் புகை ஆவாது."

"இது புகையா? சாம்பிராணி. பிள்ளைக்கு நல்லாவட்டும்னுதான கொண்டுவாறேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

"படைச்சவன் பேர்ல காட்டுததைக் கூட நம்ப மாட்டியளா?" அழ ஆரம்பித்துவிட்டாள். "எதைத்தான் நம்புவிய நீங்க?"

சட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சீறி அடங்கிற்று. ஒரு கங்கு மட்டும் அடியில் மினுங்குகிற மாதிரி தெரிந்தது. மறுபடி ஊற்றினேன். பிறகு ஒவ்வொரு கரியாக விரலால் தொட்டுப் பார்த்தேன்.