ஐந்து பெயரில் ஒரு புகார்

வியாழக்கிழமை எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் 104ஆம் கட்டடத்தில் குப்பை பிரிக்கும் நாள். அட்டை ஒரு மூட்டை, பாட்டில் ஒரு மூட்டை, பிளாஸ்டிக் ஒரு மூட்டை. நடுவில் கையுறை போட்டுக்கொண்டு காவலாளி மா சாங்பே நிற்பார். வயது அறுபத்தாறு. ஒன்பதாம் மாடி தோ இன்ஹோ அன்றைக்குச் செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து, கையிலிருந்த பையை அப்படியே பிளாஸ்டிக் மூட்டையில் கவிழ்த்தார்.

மா குனிந்து அதிலிருந்து ஒரு நூடுல்ஸ் கோப்பையை எடுத்தார். உள்ளே சிவப்பு எண்ணெய் உறைந்து கிடந்தது.

“சார், கோவிச்சுக்காதீங்க. இதை மட்டும் ஒரு தடவை அலசிக் கொண்டாந்துடுங்க. இல்லேன்னா லாரிக்காரங்க மூட்டையையே தொடாம போயிடுவாங்க.”

பக்கத்தில் அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்த பான் அம்மாள் சிரித்துவிட்டார். பதினோராம் மாடிக்காரர், குடியிருப்போர் சங்கத் தலைவி.

“ஆபீஸ்ல இருபது பேரை மேய்க்கிறவரு, ஒரு கோப்பையைக் கழுவ மாட்டேங்கிறாரு பாருங்க!”

இன்ஹோவுக்குக் காது சிவந்தது. நியாயமாகப் பார்த்தால் கோபம் சிரித்தவர் மேல் வந்திருக்க வேண்டும். தலைவி மேல் கோபப்பட முடியுமா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது எல்லா ஊருக்கும் பொருந்துகிற பேச்சுதான். மேலே போகும்போதே மாவை ஒரு வழி பண்ணுவதென்று முடிவு செய்துவிட்டார்.

எங்கள் நிர்வாக அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவலாளி மேல் குறை இருந்தால் மின்னஞ்சலில் எழுதலாம். பெயரும் வேண்டாம், வீட்டு எண்ணும் வேண்டாம். ஒருவர் எழுதினால் கோப்பில் போடுவார்கள். ஐந்து பேர் எழுதினால் காவலாளியின் வேலைக்கே ஆபத்து. இங்கே காவலாளிகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், மாவுக்கு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

ஐந்து பேருக்கு இன்ஹோ எங்கே போவார்? எங்கும் போக வேண்டியதில்லை, ஐந்து பேரும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தார்கள். புது வாடிக்கையாளருக்குப் பொரித்த கோழி பாதி விலை என்று எந்தக் கடை அறிவித்தாலும் மனிதர் உடனே ஒரு புது மெயில் ஐடி தொடங்கிவிடுவார். எல்லாவற்றையும் கைபேசியில் ஒரே செயலியில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து வைத்திருந்தார். அலுவலக ஐடிதான் முதன்மை, அது நீலம்; வேறு நிறத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கடிதம் அதிலிருந்துதான் போகும். “எங்க வீட்டுக்காரர் ஒத்தை ஆளா ஒரு தெருவே நடத்துறாரு” என்று மனைவி உன்சுக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே பெருமைப்படுவாள்.

அன்று சாயங்காலம் அந்தத் தெரு முழுக்க எழுதியது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தை தூங்கும்போது மா அழைப்புமணி அடிக்கிறார் என்று எழுதினாள். தேர்வுக்குப் படிக்கும் மாணவன், விடியற்காலையில் துடைப்பச் சத்தம் தாங்கவில்லை என்றான். ஓய்வுபெற்ற ஆசிரியர், வணக்கம் சொன்னால் திரும்ப வணக்கம் சொல்வதில்லை என்றார். ஒருவருக்குப் பார்சல் நசுங்கியது. இன்னொருவருக்கு மாவின் முகமே சிடுசிடுப்பாகத் தெரிந்தது. எழுத எழுத இன்ஹோவுக்குச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் கூசினார்.

திங்கட்கிழமை மேலாளர் மாவைக் கூப்பிட்டார். “அஞ்சு பேரு எழுதிட்டாங்க ஐயா, நான் என்ன பண்ண? அவங்க ஐடி எல்லாம் இந்தத் தாள்ல இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் மன்னிப்புக் கேட்டு மெயில் போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அஞ்சு பேரும் ‘பரவாயில்லை’ன்னு பதில் போட்டா, ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுடலாம். ஒண்ணு குறைஞ்சாலும் கஷ்டம்.”

மாவுக்கு மின்னஞ்சலே கிடையாது. மகளிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒரு கணக்கைத் தொடங்கி, காவல் அறையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் இரண்டு நாள் தட்டினார்.

புதன்கிழமை மதியம் இன்ஹோ அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் முளைப்பயிறு சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி ஐந்து முறை ஒலித்தது. ஒரே கடிதத்தைத்தான் ஐந்து பேருக்கும் போட்டிருப்பார் கிழவர் என்று அலட்சியமாகத் திறந்தார். ஐந்தும் ஐந்து கடிதங்கள்.

மாணவனுக்கு: “தம்பி, இனி எட்டு மணிக்கு மேல்தான் பெருக்குவேன். நீங்கள் யாரென்று தெரியவில்லை. நல்லபடியாகத் தேர்ச்சி பெறுங்கள்.” ஆசிரியருக்கு: “எனக்கு வலது காது மந்தம். வேலை போய்விடுமோ என்று யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் வணக்கம் காதில் விழாமல் போயிருக்கும். மன்னியுங்கள்.” குழந்தைக்காரிக்கு: “அம்மா, இனி மணி அடிக்க மாட்டேன். குப்பை வண்டிச் சக்கரத்துக்கும் துணி சுற்றிவிட்டேன். குழந்தை நன்றாகத் தூங்கட்டும்.”

இன்ஹோ சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இல்லாத குழந்தைக்காகச் சக்கரத்தில் துணி சுற்றியிருக்கிறார் மனிதர்! சே, என்ன பிழைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனாலும் புத்தி எங்கே போகும்? யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஐந்து பேரும் மன்னித்துவிட்டால் தீர்ந்தது கதை. பச்சையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று நான்கு பதில் அனுப்பினார். ஐந்தாவதை எழுதி முடிக்கும்போது இயக்குநர் கூப்பிட்டார். நிறத்தைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினார்.

திரும்பி வந்து பார்த்தால் அது நீலம். ‘என் குழந்தை இப்போது நிம்மதியாகத் தூங்குகிறது ஐயா, பரவாயில்லை.’ அதற்குக் கீழே அலுவலக ஐடி தானாகவே போடும் கையொப்பம், கொட்டை எழுத்தில்: தோ இன்ஹோ, துணைப் பிரிவுத் தலைவர்.

சாயங்காலம் காவல் அறையைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக வழியில்லை. மா வழக்கம்போல் எழுந்து தலை குனிந்தார். இன்ஹோவால் நகர முடியவில்லை.

“ஐயா... அந்த மெயில்...”

“பார்த்தேன் சார். அஞ்சு பதிலும் ஒண்ணு பின்னால ஒண்ணா ஒரே நேரத்துல வந்துச்சு, கடைசியில உங்க பேரு. அஞ்சையும் நீங்கதான் எழுதியிருக்கீங்கன்னு புரிஞ்சுது. இந்தக் கட்டடத்துல கைக்குழந்தையே இல்லையேன்னு நானும் ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஏன் ஐயா என்னைத் திட்ட மாட்டேங்கிறீங்க?”

மா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். “அஞ்சு வீட்டுல என்னை வெறுக்குறாங்கன்னு நெனச்சு, மூணு நாளா நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கலை சார். இவரா இருக்குமோ, அந்த அம்மாவா இருக்குமோன்னு ஒவ்வொருத்தரையா சந்தேகப்பட்டேன். ஒரே ஆளுன்னு தெரிஞ்சதும், சத்தியமா சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு.”

மா தன் கைபேசியில் அந்த ஐந்தாவது பதிலைத் திறந்து காட்டினார்.

“ஆபீஸ்ல நாலு பதிலை மட்டும் காட்டுறேன். அஞ்சாவதுல உங்க பேரு இருக்கு. அதைக் காட்டினா நீங்க இந்தக் கட்டடத்துல தலை காட்ட முடியாது. நான் வேற இடம் பார்த்துக்கிறேன்.”

வீட்டில் உன்சுக்கிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “போன மாசம் லிஃப்ட் ஓடாதப்போ நம்ம அரிசி மூட்டையை ஒன்பது மாடி தூக்கிட்டு வந்தது யாரு? இந்த மனுஷன்தானே! அவருக்குப் போயா இதைப் பண்ணுனீங்க?” அவளும் கூசிப்போனாள், அந்தக் கோழியைத் தின்றுகொண்டே பெருமைப்பட்டவள் அவள்தானே.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மா காட்டிக்கொடுக்கப் போவதில்லை. இரண்டு நாள் இன்ஹோ அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டினார்.

வெள்ளிக்கிழமை நிர்வாக அலுவலகத்தில் மேலாளரும் பான் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். மா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“நாலுதான் இருக்கு. அஞ்சாவது?” என்றார் மேலாளர்.

“வரலைங்க. அவங்களுக்கு இன்னும் மனசு ஆறலை போல.”

“வந்துச்சு!” என்று வாசலிலிருந்து குரல் கேட்டது. இன்ஹோ உள்ளே வந்து, கைபேசியைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஐந்து நிறத்தில் ஐந்து புகாரும் வரிசையாக இருந்தன. “அந்த அஞ்சு பேரும் நான்தான்.”

பான் அம்மாள் கைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏங்க... அன்னிக்கு அந்தக் கோப்பைக்காகவா?”

“ஆமாங்க. அதுக்குத்தான்.”

மேலாளர் ஒப்பந்தத் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு மாவிடம் நீட்டினார். மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்ஹோ அவர் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர்.

“என் சொந்தப் பேரைப் போட்டு இந்தப் புகாரை எழுத உட்கார்ந்திருந்தா, முதல் வரியிலேயே எனக்கு வெட்கமா இருந்திருக்கும், அழிச்சிருப்பேன். இன்னொருத்தர் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டதால வெட்கமே வரலை. நம்ம பேரைப் போட்டுச் சொல்லக் கூசுற வார்த்தையை வேற எந்தப் பேர்லயும் சொல்லக் கூடாதுங்க. ஐடி அஞ்சு இருக்கலாம். அதால ஒரு மனுஷனோட சோறு பறிபோனா, அந்தப் பாவம் ஒருத்தன் தலைமேலதான்.”