யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

என் வேலை என்னவென்று கேட்கிறவர்களிடம் நான் சுருக்கமாகத்தான் சொல்வேன்: மலை ஏறுவேன், இறங்குவேன், எழுதுவேன். குளிர்காலம் முழுக்க தினமும் காலையில் பென் டோரல் மலை உச்சிக்குப் போய், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, பனி கெட்டியா பொலபொலவா, எந்தச் சரிவு சரிந்து விழப் பார்க்கிறது என்று பார்த்துவிட்டு வந்து இணையத்தில் எழுதிப் போட வேண்டும். மறுநாள் மலையேற வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கிளம்புவார்கள். படிக்காமலும் கிளம்புவார்கள். 'மேலே நிற்க முடியாது, தவழத்தான் முடியும்' என்று எழுதின நாளில்தான் ஓட்டப்பந்தய ஷூவோடு நாலு பேர் வந்து நிற்பார்கள், மூக்கு சிவக்க, உச்சி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு. ஐம்பது தாண்டிய ஒரு பெண் வெறும் வாயால் அவர்களைத் திருப்பி அனுப்புவது அந்த மலையை ஏறுவதைவிடக் கஷ்டம்.

குறிப்பின் கடைசி வரி மட்டும் என்னுடையதல்ல. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்கள் காலத்திலிருந்தே இருக்கிறது. 'எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.' சிகரெட் பெட்டியில் இருக்கிற எச்சரிக்கை மாதிரி, யாரும் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

லோர்ன் படித்திருக்கிறார். போன நவம்பரில், அடிவாரத்தில் கார் நிறுத்துகிற இடத்தில் என்னைப் பிடித்தார். இன்வர்னஸில் பஸ் ஓட்டுகிறவர், நெட்டையானவர், வருஷக்கணக்காகத் தலை இடிக்கும் வீட்டில் குடியிருந்த மாதிரி லேசாகக் கூன் போட்டு நடப்பார்.

"தினமும் எழுதுற இஷ்பெல் நீங்கதானே? யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்கன்னு போடுறீங்களே, ஆளே இல்லாதவன் யார்கிட்ட சொல்றது?"

குத்தலாகக் கேட்கவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பது மாதிரிதான் கேட்டார். எனக்கோ விரல் விறைத்துப்போயிருந்தது, சீக்கிரம் காருக்குள் ஏறினால் போதும் என்றிருந்தது.

"என்கிட்ட சொல்லித் தொலைங்க" என்றேன்.

சொல்ல ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை காலையில் போகிற வழியை எழுதி அனுப்புவார். சாயங்காலம் காருக்கு வந்ததும் போன். கீழே இறங்கிட்டேன் என்பார், சரி, சூடா எதையாவது குடிங்க என்பேன். முதலில் அவ்வளவுதான். பிறகு மேலே ஒரு வெள்ளைக் கௌதாரியைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்து நகரவே இல்லை என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள் தன் ரொட்டியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனதை ஒரு கொலை வழக்கு மாதிரி விவரித்தார். நான் சிரித்தேன். சிரித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டு எனக்கே வினோதமாக இருந்தது.

என் வீட்டு போனில் அதுவரை ஜன்னல் விற்கிற கம்பெனிக்காரர்கள்தான் கூப்பிடுவார்கள். என் கணவன் போய்ப் பல வருஷமாகிறது, அக்கா கனடாவில். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று எனக்கு வாய்த்திருந்தது. அவர் போன் வரும்வரை சூப்பை அடுப்பில் சிம்மில் வைத்திருப்பேன், வந்த பிறகுதான் சாப்பிடுவேன். இதற்கு ஒரு பெயர் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் வாரம் முழுக்க அதற்காகத்தான் இருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலையில் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து காற்று பேயாட்டம் ஆடும், உச்சியில் தங்காதீர்கள் என்று எழுதியிருந்தேன். வடக்கு முகட்டில் ஏறி அதே வழியில் இறங்குவேன், வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுவேன் என்று லோர்ன் அனுப்பியிருந்தார். நான் போய்விட்டு சீக்கிரமே திரும்பிவிட்டேன். மதியம் சொன்ன மாதிரியே காற்று வந்து கூரையைப் பிடித்து உலுக்கியது. வெளிச்சம் போனது. போன் வரவில்லை. நான் அடித்தால் கிடைக்கவில்லை. சூப் சுண்டிப்போய் அடியில் பிடித்தது.

காரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் போனேன். அவருடைய பழைய சிவப்புக் கார் மட்டும் அங்கே நின்றது, கண்ணாடியில் பனி மொத்தையாக ஒட்டியிருந்தது.

டார்க்விலைக் கூப்பிட்டேன். டயர் கடை வைத்திருக்கிறவன், எங்கள் பள்ளத்தாக்கின் மீட்புக் குழுவுக்கு அவன்தான் தலைவன். குழுவில் எல்லாரும் அவனைப் போல்தான், சம்பளம் வாங்காமல் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வருகிறவர்கள்.

"உன்கிட்டதான் வழி சொன்னானா? வேற யார்கிட்டயும் மாத்திச் சொல்லியிருக்க மாட்டானே?" என்று கேட்டான்.

"என்கிட்ட மட்டும்தான் சொல்லுவாரு. அவருக்கு வேற யாரும் கிடையாது" என்றேன்.

அவர்கள் நெற்றி விளக்குகளோடு ஏறினார்கள். மீட்புக் குழுவின் கொட்டகையில் ரேடியோ முன்னால் நான் உட்கார்ந்தேன். கிழக்குச் சரிவில் கால் வைக்காதீர்கள், காற்று அத்தனை பனியையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முகட்டு விளிம்புக்கு வெளியே பனி கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்கிறவனுக்குத் தரை மாதிரிதான் தெரியும். நான் அதைத் தினமும் பார்க்கிறவள், அதனால் அவர் எப்படி விழுந்திருப்பார் என்று எனக்குப் படம் படமாகத் தெரிந்தது. மாதா கோவில் பக்கம் போய்ப் பல காலமாகிறது, இருந்தாலும் வேண்டிக்கொண்டேன். அந்த மனுஷனை மட்டும் கொடுத்துவிடு என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

அப்போதுதான் என் போன் அடித்தது. லோர்ன்.

"இஷ்பெல், மன்னிச்சுக்கோங்க. போன் குளிர்ல செத்துப்போச்சு, இப்பதான் சார்ஜ் ஏறிச்சு, இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீங்க. முகட்டுல திரும்பி வர முடியல, காத்து அப்படி. மலைக்கு அந்தப் பக்கமா இறங்கிட்டேன். ரோட்டோரம் ஒரு வீட்டு போன்லேருந்து எஃபியக் கூப்பிட்டேன், வந்து கூட்டிட்டுப் போனா. அவகிட்ட இறங்கிட்டேன்னு சொன்னேனா, சொல்லியாச்சுங்கிற நெனப்புலயே இருந்துட்டேன்."

"எஃபி யாரு?" என்றேன்.

அதுதான் என் வாயில் முதலில் வந்தது. அடிபட்டதா, குளிரில் கை கால் நன்றாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு போடவா என்று ஒரு பெண் குரல் கேட்டது. ரேடியோவில் ஆள் பத்திரம், இறங்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. அது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மதியம் லோர்ன் ஒரு விஸ்கி பாட்டிலோடு கொட்டகைக்கு மன்னிப்புக் கேட்க வந்தார். கூடவே எஃபி, டப்பா நிறைய வெண்ணெய் பிஸ்கட்டோடு. அடுத்த பள்ளத்தாக்கில் கம்பளிக் கடை வைத்திருக்கிறாளாம், அவர் பஸ்ஸில் வழக்கமாக வருகிறவள். வெறுக்கலாம் என்றுதான் பார்த்தேன். உருண்டை முகமும் வாய் நிறையப் பேச்சுமாக, வெறுப்பதற்கு ஒரு மூலை கூட இல்லாமல் இருந்தாள். ஆண்கள் ஈரக் கயிறுகளைக் கொடியில் போட்டுக்கொண்டே லோர்னை வாரினார்கள். அடுத்த தடவை காதல் பண்ணுவதாக இருந்தால் குழுவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கும்படி டார்க்வில் கேட்டுக்கொண்டான்.

லோர்ன் என் பக்கத்தில் வந்து நின்றார். உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னார்.

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல இஷ்பெல். எஃபிகிட்டயே சொல்லிட்டுப் போயிடுவேன்."

"அப்பாடா, ஒரு வேலை மிச்சம்" என்றேன்.

எஃபி எனக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினாள். "நீங்க தினமும் ஒத்தையா ஏறுறீங்களாமே. நீங்க இறங்குற வரைக்கும் யாரு காத்திருப்பாங்க?"

எனக்கு அது ரோஷத்தைக் கிளப்பியது. என்னிடம் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது, ஏறும்போது ஒரு தடவை அழுத்த வேண்டும், இறங்கினதும் ஒரு தடவை. நேரத்துக்குள் அழுத்தவில்லை என்றால் நகரத்து ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் உடனே டார்க்விலுக்கு போன் போடுவார்கள் என்று விளக்கினேன். மனுஷர்களைப் போல அது மறக்காது என்றும் சேர்த்துக்கொண்டேன். லோர்ன் தலையைக் குனிந்துகொண்டார்.

டார்க்வில் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழம, இஷ்பெல். ஆபீஸ்ல எவன் இருக்கான்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டுக் கருவியைத் தேடினேன். காலையில் வழக்கம்போல ஏறினேன், இறங்கினேன், இவர்கள் வருவார்கள் என்று அவசரமாக நேரே இங்கே வந்துவிட்டேன். அதன் சின்ன விளக்கு இன்னும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. இறங்கினதற்கு நான் அழுத்தவே இல்லை. கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அதன் கணக்கில் நான் பென் டோரல் உச்சியில்தான் கிடந்தேன்.

டார்க்விலின் போன் மேசைமேல், விஸ்கி பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பிஸ்கட் தீரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை.