ஈரச் சாக்கில் முளைத்தவை

அண்ணாமலையின் முகட்டில் மாலை வெயில் மெல்லத் தணிய, கோபுரங்களின் நிழல் நீண்டு தேரடித் தெருவை மூட, வழிபட வந்தோரும் பூ விற்போரும் நெருங்கி நடந்த எண்பதாம் ஆண்டின் ஆவணித் திங்களில், புதிதாகச் சட்டமன்றம் புகுந்த சக்கரபாணி தம் அச்சகத்தில் மாலைகளுக்கு நடுவே வீற்றிருந்தார். கற்றறிந்த நண்பரே, அம்மாலைகளின் மணத்தைவிட அவருக்கு இனித்தது எதிரே பூட்டிக் கிடந்த அப்பாதுரையின் விதைக்கடைதான்.

நான்காண்டுகளுக்கு முன், அப்பாதுரை விற்ற சொத்தை விதையைப் பற்றித் தம் உழவர் இதழான 'மேழிச்சுடரில்' சக்கரபாணி ஊரறிய எழுதினார். அதற்காக அச்சகத்தின் ஈய எழுத்துகளைக் கூடை கூடையாய் அள்ளி அய்யங்குளத்தில் கொட்டினர் அப்பாதுரையின் ஆட்கள். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைத் துழாவியவரைப் பார்த்து, "இன்னா சார், மீனு ஜாஸ்தி கெடைச்சுதா?" என்று கரையில் நின்று சிரித்தார் அப்பாதுரை. அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தைத்து, நாளெல்லாம் உறுத்தி, பழி தீர்க்காமல் ஓய்வதில்லை என்னும் வெறியாய் முற்றியது.

தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றனர். வைகாசி இதழில், ஊரார் மல்லாட்டை என்னும் நிலக்கடலையில் அப்பாதுரையின் விதை இவ்வாண்டும் முளைக்காது என்று எழுதினார் சக்கரபாணி. நூறு விதை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி, முளை கண்ட பின்னரே எழுதுவது அவர் வழக்கம். உழவர்க்கு அதைக் கற்பித்தவரும் அவரே. இம்முறை அவர் சாக்கை நனைக்கவில்லை. வாங்கியோர் மூட்டைகளைக் கடைவாயிலில் வீசினர். அப்பாதுரை தேர்தலில் தோற்று, கட்டிய வைப்புத்தொகையும் இழந்து, கடையைப் பூட்டி, தலைகுனிந்து பேருந்து ஏறினார். அன்று சக்கரபாணி இருமுறை வயிறார உண்டார்.

இப்போது படியேறி வந்தவள் கீழ்பென்னாத்தூர் மணியம்மாள். முதல் இதழ் தொட்டு வாசிப்பவள். மேசைமேல் ஓர் ஈரச் சாக்கை விரித்தாள்.

"நீங்க எழுதுனீங்கன்னு, எதுத்த கடையில வாங்குன மல்லாட்டைய மூலையில போட்டுட்டேங்க. வேற விதை கெடைக்கல, ஆடி மழையும் போய்டுச்சி. போன வாரந்தான் நனைச்சி வெச்சேன். எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தன.

"அவரு உங்களுக்குப் பண்ணது அநியாயந்தாங்க. வெதைக்காம கெடக்கிற எங்க கொல்லி உங்களுக்கு இன்னாங்க பண்ணுச்சி?" என்றாள். "ஓட்டு உங்களுக்குத்தான் போட்டேன். புத்தகம் மட்டும் இனிமே அனுப்பாதீங்க."

அவள் போனபின், எதிர்க்கடைப் பூட்டை அவர் நெடுநேரம் நோக்கினார், இனிக்கவில்லை. குளத்தில் பிறர் கொட்டிய எழுத்துகளைச் சேற்றிலிருந்து அவர் முன்பொருமுறை மீட்டதுண்டு. தாமே பாழாக்கிய தம் சொல்லை மீட்க, இறுதிவரை அவருக்கு வாய்க்கவில்லை.