கிடர்பூரில் சத்தம் போட்ட மெஷின்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்கத்தாவில் பழைய சாமான் விற்கும் கிடர்பூருக்குப் போனது கதை தேடி அல்ல. எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் மண்டையைப் போட்டுவிட்டது. புதிதாக ஒன்று வாங்கித் தொலையுங்கள் என்றாள் மனைவி. பழசுதான் உழைக்கும் என்று எவனோ இணையத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவருக்குத் துணிப்பை எதற்கு என்று அவள் இன்றுவரை கேட்கிறாள்.

மெஷின் வாங்கவில்லை. கடையில் ஒரு அப்பாவும் மகளும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை ஐந்து நிமிடம் கேட்டேன். அதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. எது கேட்டது, எது கட்டியது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

[தொடக்கம் ஒன்று: ‘ஹூக்ளி நதியின் மேல் அந்திச் சூரியன் மெல்ல’ – வேண்டாம். அவர்கள் வந்தது காலை பதினோரு மணி.]

[தொடக்கம் இரண்டு: ‘துணி துவைப்பது என்றாலே மதுவந்திக்கு’ – இதுவும் வேண்டாம். துணி துவைப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது.]

[தொடக்கம் மூன்று: ‘ரஃபிகுலின் கடையில் பதினான்கு பழைய மெஷின்கள் இருந்தன, அவற்றில் ஒன்றே ஒன்று அமெரிக்கா.’]

மூன்றாவது தேவலை. இதையே வைத்துக்கொண்டு நடையைக் கட்டுவோம்.

2

மதுவந்திக்கு முப்பத்து நான்கு வயது. செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு மாதங்களுக்கு முன்பு பாலிகஞ்சில் இருந்த புருஷன் வீட்டை விட்டு வந்து, சால்ட் லேக்கில் இரண்டாவது மாடியில் தனியாக ஒரு வீடு பிடித்திருக்கிறாள். கட்டில் வந்துவிட்டது, அடுப்பு வந்துவிட்டது. அடுத்தது வாஷிங் மெஷின். கூட வந்தவர் அப்பா சந்தானம். வங்கியில் முப்பத்து நான்கு வருடம் கடன் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். பலாப்பழம், கதவு, மாப்பிள்ளை வீட்டுச் சுவர், எல்லாமே அவரிடம் தட்டு வாங்கியிருக்கின்றன.

(அம்மா எங்கே என்று கேட்பீர்கள். அம்மா நன்றாக இருக்கிறாள். இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொடுத்து அனுப்பியதோடு இந்தக் கதையில் அவள் பங்கு முடிந்தது. அவளையும் கடைக்குக் கூட்டிவந்தால் கதை என் கையில் நிற்காது.)

எனக்குச் சங்கடம் தந்தவன் குருபிரசாத். மதுவந்தியின் புருஷன். அவனை எப்படி எழுதினாலும் ஒட்டவில்லை. குடிகாரனாக்கிப் பார்த்தேன், அவன் டீகூடச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவன். கை நீட்டுகிறவனாக்கினேன், மதுவந்தியே வந்து அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் போனாள். அவன் கோபம் வந்தால் பேசமாட்டான். அவ்வளவுதான் அவன் குற்றம்.

‘அவ்வளவுதானா?’ என்றுதானே கேட்கிறீர்கள்? சந்தானமும் அதையேதான் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

3

கல்கத்தாத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடையில் நுழைந்தால் கடைக்காரரிடம் பெங்காலி, நமக்குள்ளே தமிழ். மீன் மார்க்கெட் பக்கமே போகாதவர்கள்கூடப் புடவைக் கடையில் இந்த வித்தையைக் காட்டுவார்கள். சந்தானம் இதில் கரை கண்டவர். முகத்தில் சிரிப்பு மாறாமல், கடைக்காரர் எதிரிலேயே அவருடைய குலம் கோத்திரம் வரை அலசிவிடுவார்.

“இவன் முழியே சரியில்லை மது. கேக்கற விலையில பாதி சொல்லு. மூஞ்சியைப் பாத்தா எறங்கி வருவான்னு தோணறது.”

ரஃபிகுல் கைகளைத் துடைத்துக்கொண்டு அமைதியாக நின்றார். ஐம்பது வயது இருக்கும். மேசை மேல் ஸ்க்ரூ டிரைவர்களை உயர வரிசையில் அடுக்கிவைத்திருந்தார்.

முதலில் அவர் ஒரு புது மாதிரியைக் காட்டினார். மூன்றே வருடம் ஓடியது. “ஓடுவதே தெரியாது, தீதி. பக்கத்திலேயே குழந்தையைத் தூங்க வைக்கலாம்” என்றார் பெங்காலியில். போட்டும் காட்டினார். உண்மையிலேயே தெரியவில்லை. ஒரு பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. மதுவந்தி அதன் முன்னால் நின்றாள். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“வேறே காட்டுங்கள், தாதா.” (தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணா.)

இரண்டாவது, ஒரு சின்ன பிளாஸ்டிக் மெஷின். துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி. சந்தானம் முட்டியால் தட்டினார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்றாவதாக, மூலையில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது அந்த அமெரிக்கா. வெள்ளை எனாமல், நேரம் வைக்க ஒரு உருட்டுத் திருகு, மேலே திறக்கும் மூடி. எவரோ ஒரு வெளிநாட்டு அதிகாரி தொண்ணூறுகளில் கொண்டுவந்து, வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போனது. டைரக்ட் டிரைவ். அதாவது நடுவில் பெல்ட் கிடையாது. மோட்டார் நேராக கியர்பாக்ஸைப் பிடித்துச் சுற்றும். நம்மூர் கரண்ட் அதற்கு ஆகாது. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டியை வைத்துப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

மதுவந்தி இரண்டு வாரமாக ரிப்பேர் வீடியோக்கள் பார்த்திருந்தாள். சல்வாரை முட்டிக்கு மேல் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். போனில் விளக்கைப் போட்டு அடியில் பார்த்தாள். எண்ணெய் சொட்டியிருந்தால் கியர்பாக்ஸ் போயிற்று என்று அர்த்தம், சொட்டவில்லை. எழுந்து மூடியைத் திறந்து, துணியைச் சுழற்றிவிட நடுவில் நிற்கும் தண்டின் மேல்பாதியைக் கையால் சுற்றினாள். ஒரு பக்கம் சுற்றியது, மறுபக்கம் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வழுக்கினால் உள்ளே இருக்கும் சின்னப் பற்கள் தேய்ந்துவிட்டன. இது தேயவில்லை.

“மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலே ஒரு ரப்பர் இணைப்பு இருக்குமே, அதை மாற்றினீர்களா?”

ரஃபிகுல் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். “மாற்றிவிட்டேன். லோடு அதிகமானால் அதுதான் முதலில் உடையும். மற்றதைக் காப்பாற்றத்தான் கம்பெனிக்காரன் அதை வைத்திருக்கிறான்.”

[இந்த இடத்தில் ஒரு உவமை வந்து, கும்பிடு போட்டுக்கொண்டு நின்றது. வேறே வீடு பார் என்று அனுப்பிவிட்டேன்.]

4

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். முதல் படியில், ‘அது உறுதியாக இருந்ததால் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்’ என்று எழுதியிருந்தேன். எழுத்தாளன் புத்தி. ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்றால் உடனே உறுதி, இரும்பு என்று ஆரம்பித்துவிடுவோம். விஷயம் அதுவல்ல.

ரஃபிகுல் குழாயைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினார். நாலு பழைய துண்டுகளைப் போட்டார். திருகைத் திருப்பி இழுத்தார்.

அம்மாடி! கடையே ஆடியது. தடக்கு தடக்கு என்று அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். மேசை மேல் ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசை கலைந்து ஓடின. சந்தானம் காதைப் பொத்திக்கொண்டார். ரஃபிகுல் அவசரமாக, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “கீழே ரப்பர் வைத்தால் கொஞ்சம் குறையும், தீதி!” என்றார்.

“வேண்டாம். குறைக்க வேண்டாம்” என்றாள் மதுவந்தி. “எனக்குச் சத்தம் வேண்டும்.”

அவள் முகத்தைப் பார்த்தேன். (பார்த்தேனா? பார்த்ததாகத்தான் ஞாபகம்.) இரண்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். ஒன்றும் பேசாத ஒரு வீட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு, அடுத்த அறையில் யாரோ ஓயாமல் வளவளத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு படி எழுத வேண்டியிருந்தது, வெட்கக்கேடு.

5

“பைத்தியமா உனக்கு?” என்றார் சந்தானம், தமிழில், கத்தி. கத்தாவிட்டால் கேட்காது. “அந்தச் சின்னதே போறும்!”

“எதுக்குப்பா சின்னது?”

“ரெண்டு ஆள் தூக்கிடலாம்! இந்த யானையை ரெண்டாம் மாடிக்கு ஏத்தறதுக்கே நாலு பேர் வேணும். ஆறு மாசம் கழிச்சு நீ திரும்பிப் போறச்சே இதை யாரு எறக்கறது?”

மதுவந்திக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அப்பா பக்கம் திரும்பினாள்.

“யாருப்பா சொன்னா, நான் திரும்பிப் போறேன்னு?”

சந்தானம் மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “குரு போன் பண்ணினான். ஆறு மாசம் பொறுத்துக்கோ, நானே கொண்டுவந்து விடறேன்னு சொல்லியிருக்கேன்.”

“என்னைக் கேக்காமலா?”

“என்ன கேக்கறது? அடிச்சானா? குடிச்சானா? பேசலை! அவ்வளவுதானே? நான்கூடத்தான் கோபம் வந்தா உங்கம்மாவோட ரெண்டு நாள் பேசமாட்டேன். அவ மூட்டை கட்டிண்டு கிளம்பிட்டாளா?”

வீட்டில் இந்தப் பேச்சு இப்படி நடந்ததே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அக்கம்பக்கம் உண்டு, மெதுவாகப் பேச வேண்டும். மெதுவாகப் பேசினால் பாதியில் அடங்கிவிடும். இங்கே மெஷின் இரைகிறது; எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

மதுவந்தி தொண்டை கிழியக் கத்தினாள்.

“ரெண்டு நாள் இல்லேப்பா! எதிர்ல உக்காந்துண்டு, உப்பு வேணும்னா சமைக்க வர மாஷியைக் கூப்பிட்டு, என்கிட்டேருந்து வாங்கிக் குடுக்கச் சொல்லுவான்! எனக்கு ஜுரம் வந்தப்போகூட மாஷிகிட்டேதான் கேட்டான்! நாப்பத்தோரு நாள்ப்பா–”

இந்த மாதிரி மெஷின்களில் துவைத்து முடித்துத் தண்ணீர் வெளியேறுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி உண்டு. டக்கென்று எல்லாம் நின்றுவிடும். சரியாக அப்போது நின்றது. அவள் குரல் நிற்கவில்லை.

“–நாப்பத்தோரு நாள் அந்த வீட்டுல என் பேரைச் சொல்லி ஒருத்தர் கூப்பிடலைப்பா!”

கடை முழுக்க அது கேட்டது. தெருவில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கும் கேட்டது.

6

“அம்மா” என்றார் ரஃபிகுல். “மன்னிக்கணும். எனக்குத் தமிழ் தெரியும்.”

(இங்கே நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு, ‘ஆமாம், கிடர்பூர்க் கடைக்காரருக்குத் தமிழ் தெரியுமாம், காதுல பூ’ என்று சொல்வீர்கள். கல்கத்தாவில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வைத்தியத்துக்காக வேலூர் போய்வந்தவர் ஒருத்தராவது இருப்பார். நாம்தான் அதை மறந்துவிட்டு, கடையில் நின்று தமிழில் ரகசியம் பேசுகிறோம்.)

“வேலூர்ல ஏழு மாசம்” என்றார் அவர். “என் வொய்ஃபுக்கு வைத்தியம். லாட்ஜ் ரூம்ல நானே சமையல். காய்காரம்மா, ஆட்டோக்காரர், நர்ஸ் சிஸ்டர், எல்லாரும் தமிழ்தான். கத்துக்கிட்டேன்.”

சந்தானத்தின் காது மடல் சிவந்தது. “அப்படின்னா... முதல்லேருந்தே...?”

“முழி சரியில்லை சொன்னீங்களே சார், அதுவும் புரிஞ்சுது.” ரஃபிகுல் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு.

“முன்னாடியே ஏன் சொல்லலை, தாதா?” என்றாள் மதுவந்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சொன்னா நிறுத்திடுவீங்க. வீட்டுல பேசாத பேச்சு மாதிரி இருந்துச்சு. பேசட்டும்னு விட்டேன்.”

மதுவந்தி மூக்கை உறிஞ்சினாள். அந்த வெள்ளை எனாமல் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

“இதையே குடுங்கோ” என்றாள் தமிழில். “நாலு ஆள் சொல்லுங்கோ. ரெண்டாவது மாடி.”

7

இனி பாக்கி இருப்பது சந்தானம். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அழவைத்தேன். முப்பத்து நான்கு வருடம் கடன் பிரிவில் எத்தனையோ பேர் அழுவதைப் பார்த்தவர் அவர். கிடர்பூரில் நின்று அழமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

குருபிரசாத்தைக் கடைக்குள் நுழைய வைத்தேன். வந்தான், நின்றான், வாயைத் திறக்கவில்லை. வசனமே இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அனுப்பிவிட்டேன்.

மெஷினை ரஃபிகுல் இலவசமாகக் கொடுத்துவிடட்டுமே என்றாள் என் மனைவி. ரஃபிகுலைக் கேட்டேன். கதையில் நல்லவனாக இருக்கச் சம்மதம், கடையில் முடியாது என்றார்.

ஆக நிலவரம் இதுதான். மெஷின் இன்னும் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது. அமெரிக்காவில் அது இரண்டு நிமிடமாம். நம்மூர் கரண்டில் அதன் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. அதனால் இன்னும் சில நொடிகள் கூடக் கிடைக்கும். அதற்குள் சந்தானம் மகளிடம் ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். நான் பதினோரு வாக்கியம் எழுதி, பதினொன்றையும் அடித்துவிட்டேன். எல்லாமே என் வாக்கியங்களாக இருந்தன, அவருடையதாக இல்லை.

நீங்கள் எழுதுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதலாம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. திட்டட்டும். ‘யானையையே வாங்கித் தொலை’ என்று சலித்துக்கொள்ளட்டும். ‘மது, இட்லி சாப்பிடறியா?’ என்று அசட்டுத்தனமாகக் கேட்டால்கூடப் போதும், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும். ஒன்றும் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும், அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.