கடல்பாசி என்று ஒரு வார்த்தை

தகரக் கொட்டகைக்குள் காலையிலேயே வெக்கை ஏறியிருந்தது. பெண்கள் சாக்கு விரித்து எதிரெதிராக உட்கார்ந்து, நடுவில் கிடந்த தட்டுகளில் ஜெல்லி மிட்டாய்களைச் சர்க்கரையில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். புரட்டியதை இன்னொரு வரிசை கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி முறுக்கியது. சர்க்கரைப் பரல் நாளெல்லாம் உரசி எல்லோருடைய விரல் நுனியும் வெட்டுப்பட்டிருந்தது. ஜான் பீ சுட்டுவிரலில் துணி சுற்றியிருந்தாள். விரலை வாயில் வைத்துச் சப்பினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். இந்தப் புதுச் சரக்கு வந்ததிலிருந்து அவள் அப்படிச் செய்வதில்லை.

தர்மபுரி தனி ஜில்லாவாகி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஐந்து வருஷம் முன்பு பென்னாகரம் ரோட்டில் சென்னப்பன் அந்த மிட்டாய் கம்பெனியை ஆரம்பித்தபோது முதலில் சேர்ந்தவர்களில் ஜான் பீயும் ஒருத்தி. புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போய், கைக்குழந்தை அமீனாவோடு நின்ற நேரம் அது. அப்போதெல்லாம் மிட்டாயை உறையவைக்க ராமநாதபுரம் பக்கமிருந்து மூட்டை மூட்டையாகக் கடல்பாசி வரும். பெண்கள்தான் அதைத் தொட்டியில் ஊறவைத்து, மணல் போக அலசிக் கொடுப்பார்கள். நோன்புக் காலத்தில் தங்கள் வீட்டில் காய்ச்சுகிற அதே கடல்பாசிதான் என்பதால் முஸ்லிம் பெண்களுக்கு அந்த வேலை கைவந்த வேலையாக இருந்தது. வேலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவர்கள்தான்.

இந்த வருஷக் கோடைக்குப் பிறகு தொட்டி காய்ந்து கிடந்தது. பெங்களூரிலிருந்து மேல்விலாசம் எதுவும் இல்லாத கோணிப்பை வந்தது. உள்ளே பொன்னிறத்தில், உடைத்த கல்கண்டு மாதிரி ஒரு சரக்கு. அடுப்படி ஆள் மாதப்பன் அதை வெந்நீரில் கொட்டிக் கலக்கிப் பாகில் சேர்ப்பான். கலக்கும்போது தச்சுப்பட்டறையில் வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற வாடை லேசாக அடிக்கும். எசன்ஸ் விட்டதும் போய்விடும்.

"பள்ளிவாசல்ல பேச்சு கிளம்பியிருக்குதாம்" என்றாள் வஹிதா. ஜான் பீக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், அடுத்தடுத்த வீடு. "பெங்களூரு போயிட்டு வந்த யாரோ சொன்னாங்களாம், இப்ப ஜெல்லியெல்லாம் எலும்புல செய்யறாங்கன்னு. என்ன எலும்புன்னே தெரியாதாம். முத்தவல்லி உன்னை வரச்சொன்னாரு."

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி அப்துல் ரஷீதுக்குக் கடைவீதியில் எண்ணெய் மண்டி. அன்று வேலை விட்டதும் ஜான் பீ மண்டி வாசலில் போய் நின்றாள். அவர் உள்ளிருந்தே கேட்டார்.

"நீங்கதானம்மா அங்க கையால தொட்டு வேலை செய்யறீங்க. என்ன போடறாங்க?"

"முன்னல்லாம் கடல்பாசிங்க. இப்ப வேற என்னமோ வருது."

"என்னமோன்னா? ஹலாலா ஹராமான்னு தெரியாம நம்ம பிள்ளைங்க தின்னுக்கிட்டு இருக்குது. விசாரிச்சுச் சொல்லு."

மறுநாள் மாதப்பன் அடுப்பை அணைத்துவிட்டு வேப்பமரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்தபோது அவள் போய்க் கேட்டாள். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆள் அவன். கை முழுக்கப் பாகு தெறித்த தழும்பு.

"ஜெலட்டின்னு சொன்னாங்க அக்கா. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. எங்கூருல கெணத்துக்கு வெடி வெக்கறதைத்தான் ஜெலட்டின்னு சொல்லுவோம். கொண்டாந்த லாரிக்காரன்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னான், அது வேற, இது எலும்பும் தோலும் காச்சி எடுக்கறதுன்னு."

"எந்த எலும்பு?"

"அதை அவனுக்கு யாரு சொன்னா? மாடோ எருமையோ, செத்ததோ அறுத்ததோ, வேற எதுவோ." அவன் சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு பொழுது இருந்து, கறி தொடாதவன். ஆனாப் பதம் பாக்கணும்னா நாக்குல வெக்காம முடியாதே அக்கா. வெச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கறேன்."

அவன் தூக்கை மூடிவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனான்.

சென்னப்பனுக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர் ஜான் பீயை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கோபக்காரர் அல்ல. அமீனாவுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையும் இளநீரும் கொடுத்தனுப்பியவர்.

"உக்காரும்மா. நாளைக்கு உங்க பள்ளிவாசல் ஆளுங்க வர்றாங்க. நம்ம சரக்குல முக்கால்வாசி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போவுது. அவங்க வேணாம்னுட்டா அடுப்பை அணைச்சுட்டுப் போவ வேண்டியதுதான். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"என்ன சொல்லணுங்க?"

"கடல்பாசின்னு சொல்லு."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அது எந்த எலும்புன்னு உங்களுக்குத் தெரியுங்களா மொதலாளி?"

"எனக்கு எப்படியம்மா தெரியும்? கடல்பாசி விக்கற விலைக்கு அதைப் போட்டுக் கட்டுபடியாவல. குடுக்கறவன் குடுக்கறான், நான் போடறேன்." அவர் குரல் தாழ்ந்தது. "நல்லா யோசிச்சுக்க. உன் ஒருத்தி பொழப்பு மட்டும் இல்ல இது."

அன்று இரவு அவள் அமீனாவுக்குச் சோறு ஊட்டினாள். பொய் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஊரிலுள்ள பிள்ளைகள் வாயெல்லாம் கண்முன் வந்தது. புதுச் சரக்கு வந்த முதல் சில வாரம் அவளே அமீனாவுக்கு உடைந்த துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுநாள் முத்தவல்லியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். சென்னப்பன் நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். கோணிப்பை எதுவும் கண்ணில் படவில்லை. காய்ந்து கிடந்த தொட்டியில் எங்கிருந்தோ ஒரு மூட்டைக் கடல்பாசி வந்து ஊறிக்கொண்டிருந்தது.

"நீங்களே பாருங்க பாய். வேணும்னா உங்க பொம்பளைங்களையே கேளுங்க. ஜான் பீ, வாம்மா."

அவள் எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். பெண்களின் கைகள் தட்டுகளிலேயே நின்றன. அடுப்படியில் மாதப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"சொல்லும்மா" என்றார் முத்தவல்லி. "கடல்பாசிதானே?"

"இல்லீங்க" என்றாள். "கடல்பாசி இல்லீங்க. எலும்பு காச்சினதுன்னு சொல்றாங்க. எந்த எலும்புன்னு இங்க யாருக்குமே தெரியல. தெரியாததை நல்லதுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

சென்னப்பன் டீ கிளாஸ்களைத் தானே எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்.

அடுத்த நாள் கேட்டில் வாட்ச்மேன் நின்று முஸ்லிம் பெண்களை மட்டும் தனியாகப் பிரித்து நிறுத்தினான். "உங்களுக்கு வேலை இல்லீன்னு மொதலாளி சொல்லிட்டாருங்க. நான் என்ன பண்ணட்டும்?" மற்றவர்கள் அவர்களைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள்.

திரும்பி நடக்கும்போது பாதி வழியில் வஹிதா நின்றாள்.

"உன்னைத் திங்கவா சொன்னாங்க? சொல்லத்தானே சொன்னாங்க. ஒரு வார்த்தை."

"தெரியாமச் சொல்லிட்டு எப்படி வஹிதா..."

"எனக்கு வூட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் கெடக்கறாரு. அது உனக்குத் தெரியுமில்ல?" சொல்லிவிட்டு வஹிதா வேகமாக முன்னால் போய்விட்டாள். ஜான் பீ எட்டிப்பிடிக்கப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அந்த மிட்டாயை யாரும் வாங்கக்கூடாது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். ஜான் பீ மண்டிக்குப் போனாள்.

"நீ செஞ்சது ரொம்பச் சரிம்மா" என்றார் அப்துல் ரஷீத். "அல்லா உன்னைக் கைவிட மாட்டான்."

"எங்களுக்கு ஏதாச்சும் வேலை இருந்தா... கடலை பொறுக்கற வேலையா இருந்தாலும் சரிங்க."

"பாக்கலாம். சொல்லியனுப்பறேன்."

சொல்லியனுப்பவில்லை. அவள் புளி மண்டியில் கொட்டை தட்டப் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரும்புத் துண்டால் ஓங்கி ஓங்கித் தட்டிப் புளியைப் பிரித்து எடுக்கிற வேலை. பழைய வெட்டுகளில் புளி ஏறிக் காந்தியது. நகக்கண் கறுத்துப்போயிற்று. பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் அமீனாவுக்குத் தலை வாரிவிடக்கூட விரல் மடங்காது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கம்பெனி மறுபடி மும்முரமானது. மிட்டாய்க் காகிதத்தில் இப்போது ஒரு மினாராவும் பிறையும் அச்சடித்திருந்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வியாபாரத்துக்கு ஏஜென்சி எடுத்திருப்பது முத்தவல்லியின் மகன் என்று புளி மண்டியில் பேசிக்கொண்டார்கள். வாங்கக்கூடாது என்று சொன்னதை யாரும் ரத்து செய்யவில்லை. பிறகு அதைப்பற்றிப் பேசவும் இல்லை. வஹிதாவை வேலைக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். ஆம்பூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தபோது, கேட்ட கேள்விக்கு அவள்தான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாளாம். தெருவில் எதிர்ப்பட்டால் அவள் ஜான் பீயின் முகத்தைப் பார்க்காமல் அமீனாவின் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போவாள்.

மீலாது நபி அன்று பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மிட்டாய் கொடுத்தார்கள். முத்தவல்லியே தகர டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுத்தார். ஜான் பீ மதிலோரம் மற்ற பெண்களோடு நின்றாள். பிறகு அவரருகே போய் மெதுவாகக் கேட்டாள்.

"இப்ப என்ன போடறாங்கன்னு தெரிஞ்சுதுங்களா?"

"எல்லாம் விசாரிச்சாச்சும்மா" என்றார் அவர், அடுத்த பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே.

அமீனா புதுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளங்கையில் மினாரா போட்ட காகிதம். அதை இன்னும் பிரிக்கவில்லை. ஜான் பீ கையை நீட்டினாள். பிள்ளை ஒரு கணம் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு அந்தக் கறுத்த விரல்களுக்கு நடுவில் மிட்டாயை வைத்தது. அதன் முகம் மலர்ந்தது.

"உனக்கும் வேணுமாம்மா? நீ தின்னு. நான் வேற வாங்கிக்கறேன்."

ஜான் பீ கூப்பிடுவதற்குள் அது ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டது. வரிசை நகர்ந்தது. அதன் முறை வந்ததும் இரண்டு கையையும் ஏந்தியது.

"ஒருத்தருக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு முத்தவல்லி டின்னை மூடினார். அமீனா ஏந்திய கையை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.