தலையைச் சாய்த்துப் பாருங்கள்

"உன் ஓரகத்திக்கு ஏழு தெரியுதாம்!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கணவன் செய்தியைச் சொல்லிவிட்டான். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பாமலே கேட்டாள்.

"என்ன ஏழு?"

"நட்சத்திரம். மத்தவங்க எல்லாருக்கும் ஆறுதான் தெரிஞ்சுதாம். இவளுக்கு மட்டும் ஏழு. அந்த லைப்ரரி சார் எல்லாரையும் கை தட்டச் சொன்னாராம். படியில பார்த்தேன், சொல்லிட்டுப் போறா."

பெரியவள் டம்ளரைச் சற்றுப் பலமாகவே கவிழ்த்து வைத்தாள்.

"என்ன, காதுல புகை வருது?"

"அடுப்புப் புகை."

"அடுப்பே இன்னும் பத்த வைக்கலையே!"

கணவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவனுக்கு இது வேடிக்கை. மேல்மாடியில் தம்பி குடும்பம், கீழே இவர்கள். நடுவில் பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கும் பொறாமையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

பெரியவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் மேசையில் பதினாலு வருஷமாக இருப்பவள். தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன தையல், கோணல் காலர், ஒட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு எதுவும் அவளைத் தாண்டிப் போகாது. தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயரே 'பூதக்கண்ணாடி'. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தன் மனைவிக்கு அதே மேசையில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். சிபாரிசு செய்த வாயை அன்றைக்கே தைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்காத நாளில்லை. நாற்பது தையல் மிஷின் சுற்றியிருந்தும் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

காரணம் இருந்தது. மேசையின் சூப்பர்வைசர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு மேனேஜர் எழுதி வைத்திருப்பது இரண்டே பெயர்கள். ஒன்று பெரியவள், இன்னொன்று சின்னவள்.

இந்த நேரம் பார்த்து ஏழாம்!

"வர்ற வெள்ளிக்கிழமை நானும் வானம் பார்க்கப் போறேன்" என்றாள் பெரியவள்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ஏன், வானத்தை அவ பேருக்குப் பத்திரம் போட்டுட்டாங்களா?"

நூலகத்தின் மொட்டை மாடியில், வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அந்த வகுப்பு. இதுவரை வானத்தை அண்ணாந்து பார்க்காதவர்களுக்கானது. நடத்துபவர் நூலகரே. மெலிந்த மனிதர், கையில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடுமாம். வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரிடமும் போனைப் பைக்குள் வைக்கச் சொன்னார்.

"இருபது நிமிஷம் பொறுமையா இருங்க. கண்ணு தானா வானத்துக்குப் பழகும். தொலைநோக்கியெல்லாம் அப்புறம்தான்."

சின்னவள் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நீங்களும் வந்தது நல்லதாப் போச்சு. குளிருதா? சால்வை தரட்டுமா?"

"எனக்கு ஒண்ணும் குளிரலை."

குளிரத்தான் செய்தது. ஆனால் அந்தச் சால்வையை வாங்கினால் அதற்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

நூலகர் கிழக்கே உயரத்தில் கை காட்டினார். "அதோ, திராட்சைக் கொத்து மாதிரி ஒரு குட்டிக் கூட்டம். அதுதான் கார்த்திகை. போன வாரம் எண்ணினோம். புதுசா வந்தவங்க இப்ப எண்ணுங்க. பொதுவா ஆறு தெரியும். கண்ணு ரொம்பக் கூர்மைன்னா ஏழு, எட்டுகூடத் தெரியலாம்."

பெரியவள் அண்ணாந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ண எண்ண அவளுக்கே ஆச்சரியம். ஏழைத் தாண்டியது. ஒன்பதைத் தாண்டியது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினாள். அதே கணக்கு.

"பதினொண்ணு" என்றாள்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எத்தனை?" என்றார் நூலகர்.

"பதினொண்ணு சார். நெருக்கி நெருக்கி இருக்கு. நல்லாத் தெரியுது."

"யம்மாடி!" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு மருந்துக்கடைக்காரர். "எனக்கு அஞ்சே தள்ளாடுது."

நூலகர் ஒரு தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்து, பார்த்ததை அப்படியே வரையச் சொன்னார். பெரியவள் சிவப்பு வெளிச்சத்தில் பதினொரு புள்ளிகள் வைத்தாள். கை தட்டல் பலமாகவே விழுந்தது. ஓரக்கண்ணால் சின்னவளைப் பார்த்தாள். அவள் கை தட்டவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. பெரியவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று பெரியவள் மனசுக்குள் விசிறினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. படத்தை இன்னொரு தடவை வரைந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தொழிற்சாலையிலும் சேதி பரவியது.

"பூதக்கண்ணாடிகிட்டேயிருந்து நட்சத்திரம்கூடத் தப்பிக்க முடியாதுபோல" என்று மேனேஜரே சிரித்துவிட்டுப் போனார். நாற்காலி தன் பக்கம் இரண்டடி நகர்ந்துவிட்டதாகப் பெரியவளுக்குப் பட்டது.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. கொஞ்ச நாளாகத் தெருவிளக்குகளுக்கெல்லாம் ஒளிக்கோடுகளாக மீசை முளைத்திருந்தது. மின்சாரக் கோளாறு என்று அவள் முடிவு செய்திருந்தாள். மேசையில் வெள்ளைச் சட்டையின் வெள்ளைத் தையல் சாயங்காலமானால் இரட்டைக் கோடாக ஓடியது. தூக்கம் போதவில்லை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வானத்தில் மெல்லிய பிறை. அவளுடைய படத்தை நூலகர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு சின்ன சோதனை. சில நட்சத்திரம் நெஜமாவே ஜோடியா இருக்கும். சிலது நம்ம கண்ணு பண்ற ஜோடி. எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தலையைச் சாய்ச்சுப் பாருங்க. ஜோடி வானத்துல இருந்தா இருந்த இடத்துலயே இருக்கும். கண்ணுல இருந்தா, நீங்க சாய்ற பக்கம் அதுவும் கூடவே சாயும்."

எல்லாரும் கோழி மாதிரித் தலையைச் சாய்த்துச் சிரித்தார்கள். பெரியவளும் சாய்த்தாள்.

கார்த்திகையின் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மேலே வலப்பக்கம் ஒரு துணை இருந்தது; ஒன்றின் துணை மட்டும் அடுத்த நட்சத்திரத்தின்மேலேயே விழுந்திருந்தது. அவள் இடப்பக்கம் சாய்ந்ததும் துணைகள் அத்தனையும் சொல்லி வைத்த மாதிரி இடப்பக்கம் நகர்ந்தன. வலப்பக்கம் சாய்ந்தாள். எல்லாம் வலப்பக்கம் வந்தன. பிறையைப் பார்த்தாள். அதற்கு இரண்டு முனைகள்தானே இருக்க வேண்டும்? நான்கு இருந்தன. சாய்ந்தாள். அவையும் சாய்ந்தன.

பதினொன்றில் பாதி வானத்திலேயே இல்லை. அப்படியானால் மேசையில் அவள் பார்த்த தையல்கள்?

வகுப்பு முடிந்து நூலகப் படிகளில் இறங்கும்போது சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே."

"என் கண்ணுக்கு என்ன?"

"கோவப்படாதீங்க. மூணு மாசமா நீங்க பார்த்து முடிச்ச சட்டைக் கட்டை நான் திரும்பப் பார்த்துட்டுத்தான் அனுப்பறேன். நிறைய விட்டுப்போகுது."

பெரியவள் படியிலேயே நின்றுவிட்டாள். "மூணு மாசமா? தெரிஞ்சுகிட்டே சும்மா இருந்தியா? அன்னிக்கு நான் பதினொண்ணுன்னு உளறினப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னே!"

"சொல்லியிருந்தா என்ன சொல்வீங்க? நாற்காலி மேல கண்ணு வெச்சுக்கிட்டு என்னைக் குருடின்னு சொல்றான்னு வீட்டையே ரெண்டு பண்ணியிருக்க மாட்டீங்க?"

பண்ணியிருப்பாள். அதனால் பேச்சைத் திருப்பினாள்.

"உனக்கு அந்த நாற்காலி வேண்டாமாக்கும்?"

"வேணும்" என்றாள் சின்னவள் பட்டென்று. "நல்லாவே வேணும். எனக்கும் பொறாமை இல்லாம இல்லைக்கா. நீங்க பதினொண்ணு சொன்னதும் ஒரு நிமிஷம் நெஜம்தானோன்னு வயிறு பத்திக்கிச்சு. ஆனா கண்ணு தெரியாதவளை ஜெயிச்சுட்டு உட்கார்ந்தான்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது. நீங்க கண்ணாடி போட்டுட்டு வாங்க. அப்புறம் ஜெயிக்கிறேன்."

"ஜெயிப்பே, ஜெயிப்பே!" என்று பெரியவள் வேகமாக முன்னால் நடந்தாள். கடைசி இரண்டு படிகள் கலங்கித் தெரிந்தன. கைப்பிடியைத் தடவிக்கொண்டு இறங்கினாள். பின்னால் வந்தவள் கை கொடுக்க வந்ததைக் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கமில்லை. மேனேஜருக்கு இது தெரிந்தால் நாற்காலி போய்விடும். தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே! அவள் போய்ச் சொல்லி, அதனால் தான் தோற்று, அவள் பெருந்தன்மையாக 'பரவாயில்லைக்கா' என்பாள். அந்தப் 'பரவாயில்லைக்கா'வை நினைத்ததும் பெரியவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் கண் டாக்டரிடம் போனாள். "ரெண்டு கண்ணுலயும் சிலிண்டர் பவர். அதான் ஒண்ணு ரெண்டாத் தெரியுது" என்றார் அவர்.

"அடிப்பாவி!" என்றான் கணவன் வீட்டில். "சிலிண்டர் வரலைன்னு மூணு நாளா ஃபோன் போட்டுட்டிருக்கேன். நீ கண்ணுக்குள்ள ரெண்டு வெச்சிருக்கே!"

திங்கட்கிழமை காலையில் மருத்துவச் சீட்டோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், மூணு மாசமா நான் பார்த்த கட்டுல நிறைய விட்டுப்போயிருக்கு. என் கண்ணு சரியில்லை. என் ஓரகத்திதான் திரும்பப் பார்த்து அனுப்பியிருக்கா. அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

"அவங்க என்கிட்டச் சொல்ல வந்தாங்களா?"

"வரலை சார். வந்துடக் கூடாதேன்னுதான் நான் வந்தேன்."

மேனேஜர் சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கண்ணாடி வரட்டும். மாசக் கடைசியில ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கட்டு வெச்சுப் பார்த்துடலாம்" என்றார்.

வைத்தார். அறுபது சட்டைகள், அவற்றில் வேண்டுமென்றே மறைத்த இருபது குறைகள். மூக்கின்மேல் புதுக் கண்ணாடி உறுத்த, பெரியவள் பதினேழைப் பிடித்தாள். சின்னவள் பதினெட்டு.

ஒன்று! ஒரே ஒன்று! பாக்கெட் மூலையில் விட்டுப்போன ஒற்றைத் தையல். நாற்காலி போனது அந்த ஒற்றைத் தையலில்.

சின்னவள் சூப்பர்வைசராக உட்கார்ந்த முதல் நாளே பெரியவள் அவள் முன்னால் ஒரு சட்டையை விரித்தாள். "சூப்பர்வைசரம்மா, நீங்க பார்த்து அனுப்பினது. காலர் கோணல்." மேசையே சிரித்தது. சின்னவள் காலரை அளந்து பார்த்தாள். கோணல்தான். முகம் சிவந்து, "சரிக்கா" என்றாள். பெரியவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு ருசித்தது.

அந்த வெள்ளிக்கிழமை நூலகத்தில் கடைசி வகுப்பு. கண்ணாடியோடு பெரியவள் முதல் தடவையாகக் கார்த்திகையைப் பார்த்தாள். மீசையில்லை, துணையில்லை. ஊசி முனையால் குத்தின மாதிரித் துல்லியமாக ஆறு.

ஆறேதான்.

"ஏழாவது எங்கே இருக்குன்னு காட்டட்டுமாக்கா? அந்த ஓரத்துல..."

"சொல்லாதே! வாயைத் திறக்காதே! நானே பார்த்துக்கறேன்."

சின்னவள் சிரித்துக்கொண்டு தொலைநோக்கிப் பக்கம் போனாள். பெரியவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டினாள். கழுத்து வலித்தது. எல்லாரும் வரிசையில் நிற்க, அவள் மட்டும் சுவரில் சாய்ந்து அண்ணாந்தே நின்றாள். வெகுநேரம் கழித்து, கூட்டத்தின் ஓரத்தில் தூசி போல ஏதோ மினுக்கியது.

தலையை இடப்பக்கம் சாய்த்தாள். அது அங்கேயே இருந்தது. வலப்பக்கம் சாய்த்தாள். அசையவே இல்லை.

"என்னக்கா, தெரிஞ்சுதா?" என்று சின்னவளின் குரல் கேட்டது.

பெரியவள் அண்ணாந்த தலையை இறக்காமலே, எட்டாவது எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்திருந்தாள்.